ஒற்றை ஷூவோடு மணிமங்கலம் போனேன்

குழந்தை சோப்பு வைக்க இடம் பண்ணலாமென்று குளியலறைப் பலகையை ஒழித்தேன். பின்னால் ஒரு பட்டை கிடந்தது, உறைகூடப் பிரிக்காமல். மூத்திரத்தில் நனைத்து, பிள்ளை தங்குகிற நாளைப் பார்க்கிற பட்டை. கையில் எடுத்ததும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. செத்து ஐந்து வருஷமான புருஷன் மேல் கோபப்படலாமா? படலாம். இருந்தபோது பட விட்டீர்களா?

நீங்கள் போன பிறகு நம் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் சுகன்யா செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷம் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு நாள் குப்பைக் கூடையில் இதே மாதிரிப் பட்டை, இரண்டு கோட்டோடு. சீரியலில் பார்த்திருக்கிறேனே! தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவளை எதிர்வீட்டுக்காரி கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். சுகன்யா உள்ளே வந்து அழுதாள்.

"அத்த, இது அந்த டெஸ்ட் இல்ல. நாள் பாக்கறது. இதுல ஒரு கோடு எப்பவும் வரும். ரெண்டாவது கோடு அதே அளவுக்கு அழுத்தமா வந்தாத்தான் கணக்கு. லேசா வந்தா இல்லன்னு அர்த்தம்."

"அழுத்தமா வந்தா?"

"அன்னிக்கும் மறுநாளும்தான் முக்கியம். போன மாசம் அந்த ரெண்டு நாளும் அவுருக்கு நைட் ஷிப்ட். அதுக்கு முந்தின மாசம் ஓ.டி. நான் யாரக் கேக்கறது?"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. நம் கணக்கும் சேர்ந்து புரிந்தது.

ஏழு வருஷம் நமக்குப் பிள்ளை இல்லை. நீங்கள் லாரியில் போனால் பதினைந்து நாள், வந்தால் ஒரு ராத்திரி. வளைகாப்பு வீட்டில் வளையல் போட என்னைக் கூப்பிடமாட்டார்கள். உங்கள் அக்கா என் முகத்துக்கு நேரே மலடி என்றபோது நீங்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தீர்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், "அது பொம்பள சமாச்சாரம், நீ போ" என்றீர்கள். போனேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதையாவது உங்கள் அக்காவிடம் சொன்னீர்களா?

கடைசியில் தண்டலம் பக்கத்தில் லாரியின் ஆக்சில் உடைந்து பத்து நாள் வீட்டில் கிடந்தீர்கள். அந்த மாசம்தான் இவன் தங்கினான். சாமி கொடுத்தது என்றாள் உங்கள் அக்கா. நானும் கும்பிட்டேன். சாமியாவது! ஆக்சில் கொடுத்தது.

அடுத்த மாசம் ஒரு சாயங்காலம் சுகன்யா பட்டையைக் காட்டினாள். இரண்டு கோடும் ஒரே அழுத்தம். உங்கள் மகன் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி, சேஃப்டி ஷூவில் ஒன்றை மாட்டியிருந்தான்.

"லீவு போடுடா."

"சூப்பர்வைசர்கிட்ட இன்னான்னு சொல்றது? சிரிப்பானுங்க. பொம்பள சமாச்சாரத்துல என்னிய இன்னாத்துக்குமா இழுக்கற?"

அதே வார்த்தை. மாட்டாத ஷூவைத் தூக்கி என் ஒயர் கூடையில் போட்டேன். ஷூ இல்லாமல் ஃபேக்டரி லைனுக்குள் விடமாட்டார்கள், தெரியும்.

"நான் மணிமங்கலத்துக்கு என் தங்கச்சி வூட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் கழிச்சு வரேன்."

"மா, ஷூவக் குடுத்துட்டுப் போ!"

"ஒத்தக் காலோட போய் நில்லு. அப்ப சிரிக்கட்டும்."

வாசலைத் தாண்டும்போது சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது.

அந்த மாசம் நிற்கவில்லை. அதற்கடுத்த மாசம் அவனே கூட்டாளியைக் கேட்டு ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான். என்னடா சொன்னாய் என்றேன்.

"உண்மையத்தான் சொன்னேன். சிரிக்கலமா. அந்தப் பட்டை எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டான்."

நின்றது. பேத்திக்கு இப்போது ஐந்து மாசம். நம் வடக்குப்பட்டிலேயே இவளைப் போல ஒரு பிள்ளை கிடையாது. மூக்கு உங்களுடையது, பொறுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டான், முடிந்துவிட்டது. அந்த ஏழு வருஷத்தில் நீங்கள் யாரையும் கேட்கவில்லை. நானும்தான். லாரி கிளம்பும்போதெல்லாம் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேனே தவிர, "இன்னிக்குப் போவாதீங்க" என்று ஒரு தரம் சொல்லவில்லை. அந்த வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது.