போன மாசத்து ரத்தம்

அண்ணனுக்கு,

பாப்பா நல்லாயிருக்கா. காதுகுத்துக்குச் சீர் கொண்டு வாரதாச் சொல்லிவிட்டிருக்க. கடம்பூர் போளிக்குக்கூடச் சொல்லியாச்சாமே.

தங்கச்சி ரத்தமும் பிள்ளை ரத்தமும் சேராது, பிள்ளை பிறந்ததும் ரத்தம் மாத்த வேண்டியிருக்கும், ஓ நெகட்டிவ் உங்களுக்குத்தான் இருக்கு, அதுவரை யாருக்கும் கொடுத்துராதீங்கன்னு டாக்டரம்மா உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நீ தலையாட்டிட்டு, உங்க தலைவர் பிறந்தநாள் முகாம்ல கொடுத்துட்டு, ஃபிளெக்ஸ்ல சிரிச்ச. பிள்ளை மஞ்சளாக் கெடந்தப்போ, “போன மாசம் கொடுத்த பையை எடுத்து ஏத்தச் சொல்லு”ன்னு போன்ல சொன்ன. கொடுத்து மூணு மாசம் ஆகாம உன்கிட்ட மறுபடி எடுக்கவும் முடியாதாம்.

ஃபிரிட்ஜ்ல வச்சாலும் ரத்தம் பழசாகுமாம். அதுல இருக்க இரும்பே ஆக்சிஜனோட சேந்து ரத்த அணுவை அரிச்சிருமாம். அரிப்பைத் தடுக்க அணுவுக்குள்ள இருக்க சத்தும் நாள்பட நாள்படத் தீந்துருமாம். “பெரியவங்க தாங்குவாங்க, பச்சப்பிள்ளை தாங்காது”ன்னாவ டாக்டரம்மா.

அன்னைக்கு ரத்தம் கொடுத்தது சுடலைமுத்து. தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துதவரு. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, போட்ட சட்டையோட ஓடிவந்தாரு. அதுக்கு முன்னால அவரு முகத்தைக்கூட நான் பாத்ததில்ல.

காதுகுத்துக்கு வா, இருந்து சாப்பிட்டுப் போ. பாப்பாவை மடியில வச்சுக்கிட சுடலைமுத்து அண்ணன்கிட்டச் சொல்லியாச்சு.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா