மூடியின் உட்புறத்தில் பச்சை மை

ஜனவரி 14

வாய் மூடிக்கொண்டிருந்தது போதும். ஒன்பது வருடம்! இந்த நோட்டிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நேற்று எங்கள் விண்கலம் அந்த நிலாவின் நீர்த்தாரைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது. சனியைச் சுற்றும் பனி உருண்டை அது. குறுக்களவு, இங்கே ஜெர்மனியில் பிரேமனிலிருந்து மியூனிக் போகும் தூரம்கூட இல்லை. உள்ளே ஒரு கடல். தென்முனை வெடிப்புகள் வழியாக அந்தக் கடல் ஓயாமல் வானத்தில் பீய்ச்சி அடிக்கிறது. நினைத்தாலே மூச்சு நிற்கிறது. அதை முகர்ந்து, மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துச் சொல்லும் கருவிக்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்தவன் நான். செய்தவனும் நான். இப்போது அது பேராசிரியர் ஃபோல்க்மார் தீஸனுடையது.

மூக்கு அனுப்பிய வரைபடத்தில் மூன்று சிகரங்கள். கூடமே கைதட்டியது. முதல் இரண்டையும் பார்த்த நான் மட்டும் கைதட்டவில்லை.

ஜனவரி 15

ஏவுவதற்கு முன் மூக்கின் மூடிக்கு உட்புறம் குழுவினர் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். அதற்கென்று ஒரே ஒரு பேனா உண்டு. அதன் மை வெற்றிடத்தில் ஆவியாகிறதா என்று ஆறு வாரம் சோதித்திருந்தோம். ஒன்பது வருடம் முன்பு இருபத்தொரு பேர் எழுதினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என்னைக் குழுவிலிருந்து நீக்கி, துறையில் வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஃபோல்க்மாரும் நானும் மாணவக் காலத்திலிருந்து ‘வா, போ’ என்று பேசிக்கொள்பவர்கள். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னான்: “நீங்க கண்ணாடிக்கு வெளியில நின்னு பாருங்க, டாக்டர் லாம்ப்ரெக்ட்.”

நீங்க! எங்கள் ஊரில் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’வுக்குத் திரும்புவதைவிடக் கன்னத்தில் அறையலாம்.

மறுநாள் மதியம் என் சாமான்களை எடுக்கப் போனேன். கண்ணாடிக்கு உள்ளே, தூசி புகாத அந்தச் சுத்த அறையில் யாரும் இல்லை. கையுறைக்குள் ஒரு பச்சை மார்க்கர் வைத்திருந்தேன், ரயிலடிக் கடையில் வாங்கியது. மூடியின் கீழ்மூலையில் ஹென்னிங் லாம்ப்ரெக்ட் என்று எழுதினேன்.

அந்த முதல் இரண்டு சிகரங்களின் எடையும் மார்க்கர் மையில் இருக்கும் பொருள்களின் எடை. இதுகூடவா எனக்குத் தெரியாது? நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் தாண்டி என் பேனாதான் மணக்கிறதா?

ஜனவரி 22

உயிரின் தடயம் என்று ஃபோல்க்மார் பிப்ரவரி 20இல் உலகத்துக்கே அறிவிக்கப் போகிறானாம். அறிவிக்கட்டும். 21ஆம் தேதி காலை மையைப் பற்றி நான் பேசுகிறேன்.

பிப்ரவரி 1

துறையின் கேல் கீரை நடை: குடித்துக்கொண்டே நடந்து, முடிவில் எல்லோரும் கீரையும் சாசேஜும் தின்னும் குளிர்கால வழக்கம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சாராயக் கிண்ணி, முன்னால் புட்டிகள் ஏற்றிய கைவண்டி, சேற்று வயல். வர மாட்டேன் என்றேன். கருவிப் பட்டறைக்காரி அன்னெக்ரெட் விடவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

“ஊரே குதிக்குது, உன் மூஞ்சி மட்டும் ஏன் புளிச்ச கோசு மாதிரி இருக்கு?”

“அந்த மூணு சிகரத்தையும் நீ நம்புறியா?”

“நான் திருகாணி முடுக்குறவ. நம்புறது பாதிரியார் வேலை.” பிறகு மற்றவர்களை முன்னால் போகவிட்டுச் சொன்னாள். “முதல் ரெண்டும் மூடி ஹீட்டரைப் போட்டா ஏறுது, அணைச்சா இறங்குது. தாரைக்குள்ள போகுறதுக்கு முந்தியே இருக்குது. தீஸன்கிட்ட சொன்னேன். உங்க வேலையைப் பாருங்கன்னுட்டாரு.”

கிண்ணியைக் காலி செய்தேன். “மூக்கு மாதிரியே செஞ்சு தரையில வெச்ச ஜோடிக் கருவி உன்கிட்டதானே இருக்கு? அதுக்கு ஒரு பேனாவை முகரக் குடுக்கணும்.”

என்னையே பார்த்தாள். “பச்சையா?”

அடிப்பாவி!

“மூடியைக் கடைசியா மாட்டினது யாருன்னு நினைச்ச? துடைச்சிடலாம்னு துணியை எடுத்தேன்டா. மனசு வரல. நீ செஞ்ச கருவியாச்சே.”

அதற்குப் பிறகு எனக்குக் கீரையும் இறங்கவில்லை, சாசேஜும் இறங்கவில்லை.

பிப்ரவரி 6

அதே வகை மார்க்கர். ஜோடிக் கருவியின் மூடியில் என் பெயரையே எழுதி, வெற்றிட அறையில் வைத்துச் சூடாக்கினோம். முதல் சிகரம் வந்தது. இரண்டாவது வந்தது. இம்மி பிசகவில்லை. வெட்கமில்லாமல் சிரித்தேன். தீர்ந்தான் ஃபோல்க்மார்!

மூன்றாவதற்குக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம். இரண்டு. ஹீட்டரை உச்சத்துக்குத் திருகினாள்.

வரவில்லை.

“மையில இல்லடா அது,” என்றாள். இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

பிப்ரவரி 7

மூன்றாவதை இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாரைக்கு வெளியே பூஜ்யம். உள்ளே நுழைய நுழைய ஏறுகிறது, தாரை அடர்த்தியான இடத்தில் உச்சம், வெளியே வந்ததும் மறுபடி பூஜ்யம். ஹீட்டரைச் சட்டை செய்யவே இல்லை.

பெரிதாக்கினால் அது ஒரு சிகரமே அல்ல, சீப்பு. ஒரு பல் நெட்டை, அடுத்தது குட்டை, மறுபடி நெட்டை. கல்லும் சூடும் தாமாகச் செய்திருந்தால் பற்கள் வரிசையாகச் சரிந்துகொண்டே போயிருக்கும். இப்படி இரண்டிரண்டு கார்பன் கண்ணியாகச் சங்கிலி கோப்பது உயிர்கள் செய்வது... அந்தச் சங்கிலி காலையில் ரொட்டியில் தடவிய வெண்ணெயில் இருக்கிறது. இதை எழுதும் விரலின் தோலில் இருக்கிறது.

தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இருட்டுக் கடலில் எதுவோ கண்ணி எண்ணிக் கோக்கிறதென்றால்? ஐம்பத்து நான்கு வயதில், சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

21ஆம் தேதிவரை காத்திருந்து அடித்தால் ஃபோல்க்மார் விழுவான். கூடவே சீப்பும் விழும். பொய்யாய்ப்போன அறிவிப்பில் மூன்றில் ஒன்று மட்டும் நிஜம் என்றால் எவன் நம்புவான்?

பிப்ரவரி 10

நடைவழியில் அவனை மறித்தேன். “ஃபோல்க்மார், ஒரு நிமிஷம். மூடியைப் பத்தி...”

“பழைய புண்ணைச் சொறியாதீங்க, டாக்டர். ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க.”

சரி. எழுதித் தருகிறேன்.

பிப்ரவரி 12

நான்கு பக்கம். அறிவிப்பைச் சரிபார்க்கும் குழுவுக்கு ஒன்று, அவனுக்கு ஒரு நகல். ஹீட்டர் கணக்கு, மை வரைபடம், சோதனை முறை, பேனாவின் பெயர். இரண்டு மணி நேரத்தில் யாரும் செய்து பார்க்கலாம். கடைசிப் பக்கம் முழுக்கச் சீப்பு: முதல் இரண்டையும் எறியுங்கள், இதை மட்டும் கையில் எடுங்கள், அறிவிக்க அவசரப்படாமல் கலம் அடுத்த முறை தாரைக்குள் புகும்வரை பொறுத்திருங்கள்.

அவனைப் பற்றி எழுதிய இரண்டு பத்திகளை அடித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தன.

அன்னெக்ரெட் படித்துவிட்டுக் கேட்டாள்: “கையெழுத்து?”

போட்டால் பெயரைத்தான் முதலில் படிப்பார்கள். விரட்டப்பட்டவனின் வயிற்றெரிச்சல் என்று சீப்பையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள். ஒருமுறை பெயர் எழுதியதே போதும். அது அங்கே இருக்கிறது, அந்தக் கடலின் ஈரம் பட்டு.

உறைகளை ஒட்டிவிட்டேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக மஞ்சள் தபால் பெட்டியில் போடுகிறேன்.