மலையேறினால் நின்றுவிடும் உன் பஸ்

என் சண்டைக்காரத் தம்பிக்கு,

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. உன் பஸ் விளையாட்டைத் திறந்தால் நைனார்பாளையத்தில் நல்லபடியாகத்தான் கிளம்புகிறது. கரியாலூர் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் படம் உறைந்து, தானாக மூடிக்கொள்கிறது. திரும்பத் திறந்தால் மறுபடியும் நைனார்பாளையம்.

எனக்கா இந்த விளையாட்டுப் பைத்தியம்? எல்லாம் அம்மாவுக்காக. காய்ச்சலில் போவதற்கு முன்னால் நம் ஊர்ச் சாலையையே அதில் வரைந்து வைத்தாயே, கரியாலூர் ஸ்டாப் வந்ததும் கண்டக்டராக உன் குரலே கேட்கும்படி செய்தாயே, அதை அவள் கேட்க வேண்டுமாம். உன் போன் ஆஸ்பத்திரியில் தொலைந்த பிறகு, உன் குரல் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை எந்த ஃபைலில் ஒளித்து வைத்தாய்? யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. மலை முழுக்க இத்தனை மரத்தை யாரடா நடச் சொன்னது, அந்தப் பாரம் தாங்காமல்தான் நிற்கிறது என்று திட்டினேன். கிராஃபிக்ஸைக் குறைத்தேன், கிராஃபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தேன், இணையத்தில் யார் யாரோ சொன்ன வைத்தியமெல்லாம் பார்த்தேன். மரங்கள்தான் மொட்டையாயின. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "ஃபார்மட் அடிச்சிட்டா புதுசு மாரி ஆயிடுங்க்கா" என்றார்.

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"அதெல்லாம் பூடும். கேம்தான, வேற ஏத்திக்கலாம்."

வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே ஸ்குரூவைக் கழற்றினேன். திறந்ததும் சாம்பிராணி வாசனை குப்பென்று அடித்தது. ஃபேன் முழுக்க விபூதியும் சாம்பலும் பிசுக்கோடு அப்பிக்கிடந்தன. உன் படத்தை அம்மா அந்தப் பெட்டியின் மேல்தானே வைத்திருக்கிறாள்! காலையும் மாலையும் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை. அத்தனையையும் உள்ளே இழுத்த ஃபேன் சுற்ற முடியாமல் திணறியிருக்கிறது. மலையேறும்போது கம்ப்யூட்டருக்கு வேலை ஜாஸ்தி, அதனால் சூடேறி அங்கேயே படுத்துக்கொண்டது.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் அவள் முகம் செத்துப்போய்விட்டது. "அப்ப நான்தான்டி அவன வரவுடாம பண்ணிக்கினு இருந்தனா?" என்றாள்.

ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டித் துடைத்து, உன் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, நேற்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். பஸ் நிற்கவில்லை. நான்தான் ஓட்டத் தெரியாமல் வளைவுக்கு வளைவு பாறையில் முட்டினேன். ஒருவழியாக ஸ்டாப் வந்தது.

"கரியாலூரெல்லாம் எறங்கு, எறங்கு! இன்னா பாத்துக்கினு கீற, எறங்கும்மா!" என்று கத்தினாய்.

அம்மா நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எறங்க மாட்டேன் போடா" என்றாள்.

அவளாக இறங்குகிறேன் என்று சொல்லும்வரை தினமும் சாயங்காலம் அவளை மலைக்குக் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

உன்னைத் திட்டாமல் இருக்கத் தெரியாத
அக்கா