பம்பு கத்தினதும் நீ சொன்னதும்

பேத்துப்பாறை
ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து எழுதுறது

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அப்பா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அம்மாவும் இங்க சுகமா இருக்கோம், அம்மாவுக்கு மட்டும் மழை பேஞ்சா முட்டிவலி கூடிப்போகுது, மத்தபடி ஒண்ணுமில்ல. சுத்தியும் தண்ணியாக் கெடக்குற அந்த மாலத்தீவுல நீயும் ஒன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்னு தெனமும் செபமாலையில சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். போன் இருக்கையில அப்பா என்னத்துக்குப் பேப்பரை எடுத்து வச்சு எழுதுறாருன்னு நெனப்ப. காரணம் இருக்கு, சொல்றேன். எழுதி முடிச்சதும் அம்மா போட்டோ பிடிச்சு வாட்ஸ்அப்புல போடுவா. எனக்கு அந்தக் கண்ணாடியில எழுத்து அடிக்க வராது, வெரலு காய்ச்சுப்போனதுல தொட்டாலும் போனுக்குத் தெரிய மாட்டேங்குது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் தாயி, ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்குப் போன்ல நீ அங்கயே வேலை பாக்குற பழனிக்குமார்ங்கிற வாத்தியார் தம்பியைப் பத்திச் சொல்லி, கட்டிக்கலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டிருக்க. நான் பாட்டுக்கு அங்க மழையான்னு கேட்டுட்டுப் போனை அம்மாகிட்ட குடுத்துட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டப்பெல்லாம் சோலி கெடக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். வேதம் வேறங்கிறதால அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாருன்னு நீ அழுதியாமே. நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட என் காதுல விழலம்மா. கொஞ்ச நாளாவே போன்ல ஒன் குரல் தகரத்து மேல மழை பேயுற மாதிரிதான் கேக்கும், கடல் நடுவுல சிக்னல் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு எதையாவது பேசிச் சமாளிச்சிக்கிட்டு இருந்தேன். அது சிக்னல் இல்லன்னு எனக்குக் காட்டிக் குடுத்தது நான் ஓட்டுற பொக்லைன் வண்டிதான்.

இந்த வருச மழையில பெரும்பாறைக்கு மேல ரோட்டுல மலை சரிஞ்சு விழுந்துச்சு. மண்ணையும் பாறையையும் அள்ள காண்ட்ராக்டர் என்னையும் வண்டியையும் அங்க அனுப்பிவிட்டாரு. ரோட்டுல போற வர்ற வண்டிகளை நிப்பாட்டிக் கொடி காட்டுறதுக்கு குப்பம்மாள்னு ஒரு பொம்பளையைப் போட்டிருந்தாங்க, காப்பித் தோட்டத்துல வேலை பாத்தவங்க, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா நல்ல மனுசி. அவங்க ஒருநாள் வெள்ளனே டீ குடிக்கையில, வண்டி என்னமோ நாய்க்குட்டி கணக்கா அனத்துதே அண்ணே, ஒங்களுக்குக் கேக்கலியான்னாங்க. நான் காதைக் குடுத்துப் பாத்தேன், எஞ்சின் சீராத்தான் ஓடுது. பள்ளத்துல காத்து அடிக்கிற சத்தமா இருக்கும்னு சொல்லிட்டு ஏறிட்டேன். ஒனக்கே தெரியும், நான் வண்டியைக் கண்ணால ஓட்டினதைவிடக் காதால ஓட்டினதுதான் ஜாஸ்தி. பக்கெட்டு கீச்சுன்னா பின்னுல கிரீஸ் இல்ல, திரும்பையில அடியில கரகரன்னா பேரிங் தேயுது, செயின் டக்கு டக்குன்னா தொய்ஞ்சு கெடக்கு, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. அந்தத் தைரியந்தான் அன்னைக்குக் கெடுத்துச்சு.

மத்தியானத்துக்கு மேல ஒரு பெரிய பாறையை அள்ளி மலைப் பக்கம் திருப்புறேன், பக்கெட்டைத் தூக்குற பூம் கை குலுங்குற மாதிரி விட்டு விட்டு நடுங்குது. கீழ வளைவுல பெரியகுளம் பஸ்ஸும் அதுக்குப் பின்னால நாலஞ்சு வண்டியும் நிக்குது. நான் லீவரை இன்னும் கொஞ்சம் தட்டுறேன். அந்நேரம் குப்பம்மாள் கொடியை வீசிப்போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வண்டிக்கு முன்னால ஓடி வர்றாங்க, வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. நான் பக்கெட்டைத் தாழ்த்துறதுக்குள்ள பூம் ஒரு குதி குதிச்சு எறங்குச்சு. பாறை வழுக்கி விழுந்து உருண்டு, நாங்க குமிச்சு வச்சிருந்த மண்ணுல போய்ப் பொதைஞ்சு நின்னுச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. பஸ்ஸை முன்னாடியே அந்த வளைவு வரைக்கும் பின்னுக்குப் போகச் சொல்லி வெரட்டியிருந்தாங்க குப்பம்மாள். நான் கேபின்லயே உக்காந்து மாதாவைக் கூப்பிட்டேன் தாயி. அவங்க வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு, காது கிழியுற மாதிரி கத்துச்சே அண்ணே, அப்பக்கூடவா நிப்பாட்டத் தோணலன்னு கேட்டாங்க, திட்டக்கூட இல்ல, அழுகுற மாதிரிக் கேட்டாங்க.

திண்டுக்கல்லேர்ந்து மெக்கானிக் பாலமுருகன் வந்தான், நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கான், நீ பாத்திருப்ப. பூம், பக்கெட் எல்லாத்தையும் தூக்குறது பம்பு தள்ளுற எண்ணெய்தான். தொட்டியிலேர்ந்து பம்புக்கு எண்ணெய் போற ஹோஸ்ல ஒரு கிளிப்பு தளர்ந்துபோய் அது வழியாக் காத்தை உறிஞ்சியிருக்கு, எண்ணெய் பூரா சோப்புத் தண்ணி மாதிரி நொரைச்சுக் கெடக்கு. எண்ணெயில காத்து கலந்தா பம்பு கத்தும், பூம் நடுங்கும். பாலமுருகன் என் மூஞ்சியைப் பாக்காம, "ரெண்டு மூணு நாளாவே கத்தியிருக்கணுமேண்ணே, ஒங்களுக்கா கேக்கல?"ன்னு கேட்டான். கிளிப்பை இறுக்குறதுக்கு முன்னால ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பு மேல வச்சு, பிடியைக் காதுல ஒட்டவச்சுக் கேக்கச் சொன்னான். வலது காதுல எலும்பு அதிருறதுதான் தெரிஞ்சுச்சு. இடது காதுல லேசா உறுமல் கேட்டுச்சு, அவ்வளவுதான். இறுக்கிக் காத்தெல்லாம் எடுத்தப்புறம் சத்தம் நின்னுபோச்சுன்னு அவனும் சொல்றான், குப்பம்மாளும் சொல்றாங்க. எனக்கு முன்னயும் பின்னயும் ஒண்ணுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எனக்குக் காது போயிருச்சு போலன்னு சொன்னேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து எதிர்ல உக்காந்தா. "அப்ப ஃபெமினா சொன்னதும் ஒங்களுக்குக் கேக்கலியா?"ன்னா. என்ன சொன்னான்னு கேட்டேன். அதுவரைக்கும் நான் கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சு அவளும் பேச்செடுக்காம இருந்திருக்கா, அவ ஏன் மொகம் குடுத்துப் பேசலன்னு நானும் கேக்கல. ஒரே வீட்டுல இப்படி ரெண்டு பேரு. அம்மா எல்லாத்தையும் ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னா. நீ அழுததையும் சொன்னா. பாறை உருண்டப்ப கூப்பிட்ட மாதிரி மறுபடியும் மாதாவைக் கூப்பிட்டேன்.

மதுரையில காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். மெல்லிசான சத்தந்தான் மொதல்ல போகுமாம், பொம்பளைப் பிள்ளைக குரல், போன் பேச்சு எல்லாம் அதுல சேந்ததாம். வலது பக்கந்தான் பம்பு இருக்கு, அந்தக் காதுதான் ரொம்ப மோசம். இத்தனை வருசமா காதுல ஒண்ணும் மாட்டாம ஓட்டினதோட பலன், போனது திரும்பாது, இருக்குறதைக் காப்பாத்திக்கங்கன்னுட்டாரு. காதுல வைக்கிற மிஷினுக்கு அளவு எடுத்திருக்காங்க. புதுசா வந்த சாமியார் பிரசங்கத்தை முணுமுணுங்கிறாருன்னு நான் கோயில் வாசல்ல நின்னு குறை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், பாவம், அவரு நல்லாத்தான் பேசியிருக்காரு. காண்ட்ராக்டர்கிட்டயும் மறைக்கல. வேலையை விட்டு நிப்பாட்டிடுவாருன்னு பயந்தேன், அவரு யோசிச்சுட்டு குப்பம்மாளை என் வண்டிக்கே ஹெல்ப்பராப் போட்டுட்டாரு. இப்ப தெனமும் ஓட்டுறதுக்கு முன்னால கிரீஸ் அடிச்சு, எண்ணெய் பாத்து, கிளிப்பெல்லாம் கையால தடவிப் பாத்துட்டு, சும்மா தூக்கி எறக்கித் திருப்பிக் காட்டுவேன், அவங்க சுத்தி நடந்து கேப்பாங்க. கையைத் தூக்குனா நிப்பாட்டிடுவேன். வேலை நேரம் பூரா காதுக்கு மூடி போட்டுக்கிறேன். நீயும் அந்தப் படகுல போகையில எஞ்சின் பக்கத்துல உக்காராத, காதுல பாட்டை அலறவிட்டுக் கேக்காத, சொல்லிட்டேன்.

இப்ப ஒன் விசயம். அம்மா சொன்ன ஒடனே எனக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னு எழுதினா அது பொய்யி. கோயில்ல என்ன சொல்வாங்க, ஒன் அத்தை என்ன சொல்லுவா, பொறக்குற பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடும்னு என்னென்னமோ ஓடுச்சு. வண்டிக்கு மாத்து ஹோஸ் வாங்கப் பழனிக்குப் போனப்ப, அடிவாரத்துல இருக்குன்னு நீ அம்மாகிட்ட சொன்ன அந்தத் தம்பி வீட்டுப் பஞ்சாமிர்தக் கடையைத் தேடிக்கிட்டுப் போனேன். கூட்டம் நெரிஞ்சுச்சு. தம்பியோட அப்பாதான் கல்லாவுல இருந்தாரு. நான் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கேட்டேன். அவரு என்னமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல, என்னங்கன்னு கேட்டேன், திரும்பச் சொன்னாரு, அப்பவும் வெளங்கல. பின்னால நின்னவங்க மொணமொணத்தாங்க. அந்த மனுசன் எந்திரிச்சுக் கடையைச் சுத்தி வெளிய வந்து, என் பக்கத்துல நின்னு, தோள்ல கையை வச்சு, அவசரமே இல்லாம, "புதுசு இப்பத்தான் வருது, கொஞ்சம் உக்காருங்க, நல்லதா எடுத்துத் தர்றேன்"னாரு. ஒரு ஸ்டூலும் போட்டுக் குடுத்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல. உக்காந்து வாங்கிக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல வரும்போதே எனக்கு மனசு தெளிஞ்சுபோச்சு. அப்படிப்பட்டவர் வளத்த பிள்ளை ஒன்னைப் பாத்துக்கும்னு பட்டுச்சு. அம்மாவுக்கும் அதே நெனப்புத்தான்.

அதனால நீ அழுகாத. லீவுக்கு வரும்போது அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா. கோயில் காரியத்தைச் சாமியார்கிட்ட நான் பேசுறேன், ஒன் அத்தையையும் நானே பாத்துக்கிறேன். பழனிக்கு நாம எல்லாரும் சேந்து போவோம், அன்னைக்கு ஸ்டூல் போட்டு உக்காரவச்ச ஆளு யாருன்னு அவருக்கு நீயே சொல்லு.

சலேத் மாதா ஒன்னையும் தம்பியையும் தன் கைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னா. வெயில்ல அலையாத, மீனு நெறையச் சாப்பிடு. பதிலைப் போன்ல சொல்லாம எழுதிப் போடும்மா. பழனிக்குமார் தம்பியை மொதமொதல்ல எங்க பாத்த, என்ன பேசினீங்க, அன்னைக்கு என்கிட்ட என்னென்ன சொன்னியோ அத்தனையும் மொதல்லேர்ந்து எழுது. நான் கேக்கணும்.

இப்படிக்கு
ஒன் வாழ்வுக்காகச் செபிக்கும் அப்பா
அருளப்பன்