நான் திருப்பிய இரண்டு பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடியில் பெரியப்பா குடும்பம் எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். அம்மா தன் பல்வலியைப் பற்றி முதலில் எழுதச் சொன்னாள், அது எங்கே ஓடிப்போகிறது, முதலில் இதைக் கேள், உன் அப்பன் மேடை ஏறிவிட்டான்!

ஞாயிறு மதியம் நூலக மாடி ஹாலில் பெரியப்பா மகள், நம் வாலு, அவளுடைய முதல் கச்சேரி. பியானோ, வயலின், வாலு வாசிக்கிற செல்லோ, அதுதான் அந்த ஆள் உயர வயலின், மூன்றே பேர். இரண்டு உலக யுத்தத்துக்கும் நடுவில் மூச்சு விடக் கிடைத்த காலத்தில் புதுமாதிரியாக எழுதின இசையாம், அத்தனையும் அதுதான். ஊரே திரண்டிருந்தது என்று எழுதுகிறேன், அம்மா எட்டிப் பார்த்து அறுபது பேர் என்று திருத்தச் சொல்கிறாள். பெரியப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். இசைக்காக வாலு பாங்க் வேலையை விட்டதிலிருந்து அவர் அவளிடம் நேரே பேசுவதில்லை, உனக்குத்தான் தெரியுமே. அவளைச் சாப்பிடச் சொல்லு என்று பெரியம்மாவிடம் சொல்வார், அவளோ பக்கத்திலேயே நிற்பாள். அவள் உள்ளே வாசிக்க ஆரம்பித்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இதுக்கும் அப்பா வரலேன்னா நான் தனியா ரூம் பார்த்துட்டுப் போயிடுவேன் சித்தப்பா என்று என்னிடம் சொல்லியிருந்தாள். படி ஏற எனக்குத் துணை வேண்டும் என்று அவரிடம் பொய் சொன்னேன், அவருக்கு முன்னால் நான் ஏறி முடித்தது வேறு விஷயம்.

அங்கே போனால் பியானோக்காரருக்கு இசைக்குறிப்புப் புத்தகத்தில் பக்கம் திருப்புகிற பெண்ணுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. யாருக்காவது திருப்பத் தெரியுமா என்று பியானோக்காரர் கேட்டார். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லையே, கையைத் தூக்கிவிட்டேன். வாலு கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினாள். நான் தலையை ஆட்டினால் திருப்புங்கள், அவ்வளவுதான் என்றார் அவர். காலமெல்லாம் அச்சகத்தில் காகிதம் எண்ணின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா! ஆரம்பித்தார்கள் பார், இரும்புக் கட்டிலை இழுக்கிற மாதிரி வயலின், பூனை படியில் உருள்கிற மாதிரி பியானோ, திடீரென்று செல்லோ மட்டும் தனியாக, யாரோ வாசலில் நின்று கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. எனக்கு முடி சிலிர்த்துவிட்டது. அந்த ஜோரில், அச்சகத்துப் பழக்கம், விரலை நாக்கில் தொட்டுத் திருப்பினேன், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பியானோக்காரர் அப்படியே அந்தப் பக்கத்துக்குத் தாவினார், வாலு கண்மூடித் திறப்பதற்குள் அவரைப் பிடித்துவிட்டாள், வயலின்காரியும் வந்து சேர்ந்துகொண்டாள். கேட்டவர்கள் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினார்கள், பாதி எனக்குத்தான்.

வெளியே வந்ததும் பெரியப்பா நேரே வாலுவிடம் போனார். இறங்கி இறங்கி வந்து கடைசியில ஒத்தையா நிக்குமே, அந்த இடத்தை ஏம்மா விட்டுட்டே என்றார். டிவி சத்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மனுஷன் இத்தனை நாளும் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்! அதைச் சித்தப்பா முழுங்கிட்டாருப்பா என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை. சரி, வீட்டுல போய் வாசி என்று சொல்லி செல்லோப் பெட்டியின் ஒரு முனையை அவர் தூக்கிக்கொண்டார். எல்லாம் நான் திட்டம் போட்டுச் செய்தது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, நீயும் மாற்றிச் சொல்லிவிடாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். போன் பண்ணும்போது பெரியப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு, முன்னைப் போலக் கத்த வேண்டாம், மாடியில் இப்போது டிவி ஓடுவதில்லை.

பக்கம் திருப்பிய கையால்,
உன் அப்பா