எட்டு முறை ஏலம் போன குலை

ஆரியங்கோடு
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி ராபின்சனுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்குவேன். இந்தத் தடவை கை வரவில்லை. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து படி.

நம்ம கிணறு நாறுகிறது. அழுகின முட்டை நாற்றம். ஜனவரி முதல் உன் கையுறைக் கம்பெனி டாங்கர் லாரியில் கொண்டுவந்து வாழைக்கு விடும் தண்ணீர்தான் காரணம். ரப்பர்பால் கழுவின கழிவு. அதற்கு நீங்கள் வைத்த பேர் 'பசுமை நீர்'. சாக்கடைக்குப் பேர் வைக்க ஏசி ரூமும் சம்பளமும்! தம்பிதானே அங்கே சுற்றுச்சூழல் ஆபீசர் என்று நான் சம்மதித்தேன். என் பேச்சை நம்பிப் பதினோரு வீட்டார் சம்மதித்தார்கள். இப்போது ஆட்டோ ஓட்டும் வேலாயுதனின் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி.

போன மாதம் நீங்கள் படமெடுக்க வந்தபோது நான் கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் கோரினேன். "அக்கா, மூக்கப் பொத்தாதீங்க, படத்துல தெரியும்" என்றாய்.

இந்தத் தண்ணீரை இங்கே விடக் கம்பெனிக்குள்ள லைசென்ஸைப் புதுப்பிக்க அக்டோபர் ஏழாம் தேதி பஞ்சாயத்துக் கூட்டம். அந்தத் தண்ணீரைச் சோதித்த உண்மையான ரிப்போர்ட் உன்னிடம் உண்டு. கையெழுத்துப் போட்டு அனுப்பு மக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜெஸ்மிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா
ராஜபாய்


காக்கநாடு
2 செப்டம்பர் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் படித்து மனம் சங்கடப்பட்டது. மழைக்காலத்தில் கிணறு கொஞ்சம் வாடை அடிப்பது சகஜம்தான். எங்கள் தண்ணீர் எல்லாம் அளவுக்கு உட்பட்டே இருக்கிறது, நீங்கள் பயப்பட வேண்டாம். ரிப்போர்ட் கம்பெனியின் சொத்து, அதை வெளியே கொடுத்தால் என் வேலை போய்விடும். பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் வருடாந்திர அறிக்கையின் அட்டையில் நீங்கள்தான்! 'ஒரு துளியும் வீணில்லை' என்று மேலே போட்டிருக்கிறார்கள். அதற்குப் பசுமை விருதும் கிடைத்திருக்கிறது. குடிதண்ணீருக்கு ஒரு ஃபில்டர் கூரியரில் அனுப்புகிறேன்.

சபையின் அறுவடைப் பண்டிகைக்கு மேனேஜரோடு வருகிறேன். நம்ம வாழையில் நல்ல குலை ஒன்று படைத்து வையுங்கள்.

அன்புத் தம்பி
ராபின்சன்


ஆரியங்கோடு
9 அக்டோபர் 2025

ராபின்சனுக்கு,

தண்ணீர் நல்லதென்றால் ஃபில்டர் எதற்கு? பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபடியே ஏத்தன்வாழைக் குலையைப் படைத்தேன். பளபளப்பு வேண்டும் என்று உங்கள் படமெடுக்கிறவன் அதில் தேங்காய் எண்ணெய் பூசினான். தேவனுக்குப் படைத்ததில்! படைத்ததையெல்லாம் சபைக்காக ஏலம் விட்டார்கள். நம்ம சபையில் ஏலம் எடுத்த பொருளை மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் மிஞ்சினால் இரண்டு தடவை, மூன்று தடவை. இந்தக் குலையை ஏழு பேர் எடுத்தார்கள், ஏழு பேரும் கொடுத்துவிட்டார்கள். உன் மேனேஜர் கைதட்டி, "என்ன தாராளம்!" என்றார். தாராளமாம். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட வீட்டுக்குக் கொண்டுபோகத் துணியவில்லை.

எட்டாவதாக நீ எடுத்தாய். தோளில் தூக்கி வைத்துப் படத்துக்குச் சிரித்தாய், காரில் ஏற்றினாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. தம்பி தன் பிள்ளைகளுக்குத் தின்னக் கொண்டுபோகிறான், அப்படியானால் தண்ணீரில் தப்பில்லை, நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் காலை வேலாயுதன் குலையை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். உன் கார் போன வழியில், உதியன்குளங்கரை தாண்டி ஓடையில் கிடந்ததாம். சபையின் ஏலச் சீட்டு காம்பில் கட்டினபடியே இருந்தது, எட்டாம் எண்ணுக்கு நேரே உன் பேர். "அக்கா வாக்க நம்பி வாழைக்கு விட்ட வெள்ளமாக்கும்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் பிள்ளைகளுக்கு ஆகாதது வேலாயுதன் மகளுக்கு ஆகுமா? நீ தெரியாமல் ஏமாந்தவன் என்றே இதுவரை நினைத்திருந்தேன். சீ!

கூட்டத்துக்குக் குலையையே எடுத்துப்போனேன். உங்கள் ஆள் அட்டையில் என் படம் போட்ட புத்தகத்தை நீட்டினார். நான் குலையை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பிரசிடண்ட் சுகுமாரி சீட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்த ராபின்சன் ஆராக்கும்?" என்று கேட்டார்.

"கம்பெனியில தண்ணிய சோதிக்கிற ஆபீசர். என் கூடப்பிறந்தவன்" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலை குனிந்து நின்றேன்.

நான் சொன்னதை வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸை நிறுத்திவைத்து, உன்னை நேரில் வரச்சொல்லி நோட்டீஸ் அனுப்புகிறார்கள். உன் கையெழுத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த வாக்குமூலத்தின் கீழே நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வருகிற அன்று பஞ்சாயத்து ஆபீசுக்கு மட்டும் வா. இந்த வீட்டுப் படி ஏறாதே.

ராஜபாய்