சுவாமியின் தகப்பன் இருந்த கதிரை

அந்தோனியார் துணை

பூநகரி
2024 தை 28

அன்பு மகன் ஸ்ரனிஸ்லாசுக்கு அப்பா எழுதுவிக்கும் கடிதம்.

நான் சுகம். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமிதான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்ல, அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றுகிறாள். போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் பாதியில் வைத்துவிட்டேன். சிக்னல் இல்லை என்று சொல்லலாம். சிக்னல் இருந்தது. திருவிழாப் பூசை யார் வைக்கிறார் என்று நீ கேட்டாய், அதற்குத்தான் போனை வைத்தேன்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் வஸ்தியாம்பிள்ளை மார்கழியில் வீட்டுக்கு வந்தார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவில் நீ ஆனியில் வருகிறாய் என்று நான்தான் சொல்லியிருந்தேன். “அப்ப இந்தமுறை அந்தோனியார் திருவிழாப் பூசை எங்கட ஊர்ச் சுவாமிதான் அண்ணை” என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடியுங்கோ என்றேன். அடுத்த ஞாயிறு பீடத்துக்குக் கிட்ட ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பின்னுக்குப் பாயில் இருந்த என்னைக் கைபிடித்துக் கொண்டுபோய் அதில் இருத்தினார்கள்.

நீ துறவறச் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்த நாள் எனக்கு மறக்கவில்லை. மழை தூறியது. உன் கழுத்தில் சிலுவை போட்டார்கள், பூசை வைக்கிற சுவாமிமாருக்குப் பூசுவதுபோலக் கையில் எண்ணெய் பூசவில்லை. “பிரதர்மாருக்கு அது இல்லை அப்பா” என்று வாசலில் வைத்து நீ சொன்னாய். அன்றைக்கு வந்த சனத்தில் ஒருவரும் இப்போது இந்தக் கரையில் இல்லை. இங்கே இருக்கிறவர்கள் வெள்ளை அங்கியோடு நிற்கிற உன் படத்தைப் பார்த்துச் சுவாமி என்றார்கள். நான் திருத்தவில்லை.

எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். இத்தனை வருடம் அவர்களோடு இருக்கிறாய். ஒரே ஒரு பூசைக்கு உங்கள் பெரியவரிடம் அனுமதி வாங்க ஏலாதா?

“பிரதர் எண்டா சுவாமி இல்லையோ ஐயா?” என்று சிவலட்சுமி கேட்கிறாள். அவள் சைவம். சொல்லுறதை எழுது பிள்ளை என்றேன். அதையும் எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா சந்தியாப்பிள்ளை

*

பப்புவா நியூகினி
2024 மாசி 27

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் உப்பு மூட்டைகளோடு படகில் நனைந்து வந்து சேர்ந்தது. அடுப்படியில் காயவைத்து வாசித்தேன்.

இது அனுமதி வாங்குகிற விசயம் இல்லை அப்பா. எனக்குக் குருப்பட்டம் இல்லை. நான் வைத்தால் அது பூசை ஆகாது.

இங்கே நாங்கள் மூன்று பேர். போலந்திலிருந்து வந்த கசிமிர் சுவாமி, வயது போனவர். கென்யாவிலிருந்து வந்த இளைய சுவாமி. பிறகு நான். ஆற்றோரக் கிராமங்களுக்கு அவர்கள் பூசை வைக்கப் போவார்கள், நான் படகில் கொண்டுபோவேன். போன மாதம் பிரசவ நோவில் இருந்த ஒரு பெண்ணை ஏற்றி வரும்போது நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. நீங்கள் செய்வதுபோல பிளக்கைக் கழற்றி, சாரத் தலைப்பில் துடைத்து, வாயால் ஊதி மாட்டினேன். பிள்ளை கரைக்கு வந்துதான் பிறந்தது. என்னையும் உங்களையும் தவிர எஞ்சினுக்கு இப்படி யாரும் ஊதியிருக்கமாட்டார்கள்.

மூப்பரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் கூச்சம் இல்லை. நான் வந்து உங்களோடு பின்னுக்குப் பாயில் இருந்து பூசை காண்கிறேன். அதை நினைத்துத்தான் இந்த லீவுக்குக் காத்திருக்கிறேன்.

அன்பு மகன்,
ஸ்ரனி

*

அந்தோனியார் துணை

பூநகரி
2024 சித்திரை 2

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூப்பரிடம் சொல்லத்தான் போனேன். போகிற வழியில், கரையில் இறால் கூடையைத் தூக்கக் குனிந்தேன். “விடுங்கோ அப்பு, சுவாமியின்ர தகப்பன் கூடை தூக்கிறதோ” என்று ஒருவன் பறித்தான். “தூக்கட்டும் விடடா, இறாலும் மோட்சம் போகட்டும்” என்றான் மற்றவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாழ்நாள் முழுக்க அந்தக் கூடையைத் தூக்கியிருக்கிறேன், ஒருவனும் பறித்ததில்லை.

மூப்பர் வீட்டில் திருவிழா நோட்டீஸ் அச்சடித்து வந்திருந்தது. உன் படம் போட்டிருந்தது. “அருட்தந்தை ஸ்ரனிஸ்லாஸ், இதிலதான் கிடக்குது அண்ணை” என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினார். வாங்கி மடியில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதோடு வைத்து அனுப்புகிறேன்.

நீ படகு ஓட்டுகிறாய், எஞ்சின் துடைக்கிறாய். அதை நான் இந்தக் கரையிலேயே உனக்குப் பழக்கினேனே. கடல் கடந்துபோய் உங்கட வேலையைத்தானோ செய்யிறான் என்று சனம் கேட்டால் நான் எங்கே முகத்தை வைப்பேன்? மகன், இந்தமுறை வராதே. அடுத்த வருடம் பார்ப்போம். உனக்கு அங்கே வேலை கூடிவிட்டது என்று மூப்பருக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் சிவலட்சுமி பேனையை வைத்துவிட்டாள். “பெத்த பிள்ளையை வராதை எண்டு நான் எழுதமாட்டன்” என்றாள். நெடுநேரம் கெஞ்சினேன். கடைசியில், “எழுதுறன். ஆனா கீழ உங்கட பேரை எழுதமாட்டன். நீங்களே விரலை வையுங்கோ” என்றாள். பேனையால் விரலைத் தீட்டி வைக்கிறேன்.

(பெருவிரல் அடையாளம்)

*

பப்புவா நியூகினி
2024 வைகாசி 3

அன்புள்ள அப்பா,

நோட்டீஸ் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கசிமிர் சுவாமி எடுத்துப் பார்த்தார். படம் தெரிந்தது, எழுத்து விளங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அருட்தந்தை என்று போட்டிருக்கிறது என்றேன். அது யார் என்றார். எங்கள் அப்பாவின் மற்ற மகன் என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க எனக்கும் மனம் சரியில்லை.

பெரியவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அப்பா வரவேண்டாம் என்கிறார் என்றே சொன்னேன். என் லீவை இன்னொரு பிரதருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி என் முறை வர ஐந்து வருடம் ஆகும். உங்களைக் குத்துவதற்கு இதை எழுதவில்லை. அடுத்த வருடம் வருவேன் என்று நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, அதுதான்.

அம்மாவின் கல்லறையில் எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

உங்கள் விரல் அடையாளத்தில், வலை நூல் வெட்டிய தழும்பு ஒரு கோடாக விழுந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்பு மகன்,
ஸ்ரனி

*

பூநகரி
2024 ஆனி 16

என் மகன் பிரதர் ஸ்ரனிஸ்லாசுக்கு,

அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றுக்கு அணைந்தது, திரும்பக் கொளுத்தினேன்.

திருவிழா முடிந்தது. வவுனியாவிலிருந்து ஒரு சுவாமி வந்து பூசை வைத்தார். நான் கதிரையில் இருந்தேன். மன்றாட்டு நேரம் ஒரு பிள்ளை எழும்பி, “தூர தேசத்தில் வேதம் போதிக்கும் எங்கள் ஊர் அருட்தந்தை ஸ்ரனிஸ்லாசுக்காக” என்று வாசித்தது. கோயில் நிறைந்த சனம் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. இல்லாத ஒருவனுக்காக இவ்வளவு சனமும் மன்றாடுகிறது. இருக்கிறவன் அங்கே ஆற்றில் நிற்கிறான். அவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, அதுவும் என்னால்.

பூசை முடிய, கதிரையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்கு நடுவால் நடந்தேன். மூப்பர் ஓடி வந்தார்.

“என்ன அண்ணை, கதிரையை எங்க கொண்டு போறியள்?”

“என்ர மகன் சுவாமி இல்லை மூப்பர். பிரதர். போட் ஓட்டிறவன். அவனை வராதை எண்டு சொன்னதும் நான்தான்.”

அவர் நோட்டீஸ் ஒட்டியிருந்த மதிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?”

“கதிரை நல்லாயிருந்தது” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள், அதுதான் கூடுதலாகச் சுட்டது. இன்று காலை ஞாயிற்றுப் பூசைக்குப் பாயில் பின்னுக்கு இருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒதுங்கித்தான் விட்டார்கள். நான் அதை உனக்கு விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குக் கரைக்குப் போனால் என் கூடையை இனி ஒருவரும் பறிக்கமாட்டார்கள்.

உன் முறை வரும்போது வா. எண்பது முடிந்துவிட்டது, இருப்பேனோ தெரியாது. இல்லாவிட்டாலும் வந்து அந்தப் பாயில் இரு.

சிவலட்சுமி எழுதி முடித்துவிட்டு, விரலை வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினாள். “இதுக்கு நீ என்ர பேரை எழுது பிள்ளை. வராதை எண்டதுக்கு வைச்ச விரலை வா எண்டதுக்கு வைக்க வெக்கமாக் கிடக்கு” என்றேன்.

அவளே எழுதுகிறாள்:

சந்தியாப்பிள்ளை